கடைசிக்கு வைத்த வார்த்தை

ரகுநாத்துக்குச் சிறுகதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கீரனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் வாத்தியார் அவன். கரும்பலகையில் ஒரு மலையை வரைவான். அடிவாரம் தொடக்கம், ஏற்றம் முரண், உச்சியில் உச்சம், அந்தப் பக்கம் இறங்கினால் முடிவு. "உச்சத்தை மொதல்லயே அவுத்து விட்டா கதை செத்துப்போச்சு. பந்தியில மோர்ச்சோத்தை மொதல்ல போட்டா எவன் உக்காருவான்?" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். நன்றாகத்தான் நடத்தினான், குற்றம் சொல்ல முடியாது. அதை வகுப்பறையோடு விட்டுத் தொலைத்திருக்கலாம்.

அவன் தங்கை இலக்கியா அன்னவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பிரவீன்குமார், சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தவன். மூன்று மாதக் கரு கலைந்த கையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், "இனி அங்கிட்டு போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாம் நமக்குச் சரிப்படாது, பெரியவர்களை வைத்துப் பேசுவோம் என்றார் அப்பா ரெங்கசாமி. பேசுவதற்கு வீட்டில் வாயுள்ள பிள்ளை ரகுநாத்தானே!

பேச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் இலக்கியா அவனைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழலண்ணே. வயித்துல ஒதச்சான். ஆஸ்பத்திரியில மாமியா பக்கத்துலயே நின்னுச்சு, அதான் டாக்டர்கிட்ட மாத்திச் சொன்னேன். அத்தனை ஆம்பளைங்க முன்னால என்னால சொல்ல முடியாது. நீ சொல்லிரு. அதைக் கேட்டா என்னைத் திருப்பி அனுப்பமாட்டாங்க."

அவனுக்கு ரத்தம் கொதித்தது. அதில் பொய்யில்லை. ஆனால் கொதித்த மனுசன் அடுத்து என்ன செய்தான் தெரியுமா? எதை எங்கே வைத்தால் சபை கலங்கும் என்று யோசிக்க உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. நடுவில் ஊர்ப் பெரியவர் ஆண்டிச்சாமி. எதிரே பிரவீன்குமார், அவன் ஆத்தா பொன்னுத்தாய், தாய்மாமன் குழந்தைசாமி. இலக்கியா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள்.

"சொல்லுங்க தம்பி, ஒங்க குறை என்ன?" என்றார் ஆண்டிச்சாமி.

ரகுநாத் கல்யாணத்தன்று பெய்த மழையில் ஆரம்பித்தான். அவள் சிரித்த சிரிப்பைச் சொன்னான். பிறகு குழம்பில் உப்புக் கூடிப்போன சண்டை, போனைப் பிடுங்கி வைத்த சண்டை, தண்ணீர்க் குடத்தை அவன் எட்டி உதைத்த சண்டை என்று படிப்படியாக ஏற்றினான். "குடத்தை எட்டி ஒதச்ச அந்தக் காலை அன்னிக்கே நாங்க கவனிச்சிருக்கணும்" என்று ஒரு முன்குறிப்பும் போட்டான். ஒருவர் டீ கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இதோ, உச்சம். அதற்கு முன் ஒரு மௌனம் வேண்டுமல்லவா? விட்டான்.

குழந்தைசாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த இடைவெளியில் எழுந்து மருமகன் முதுகில் கை வைத்தார்.

"விழுடா சபையில!"

பிரவீன்குமார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "கோவத்துல ஏதோ சத்தம் போட்டிருப்பேன். தப்புத்தாங்க. மன்னிச்சிருங்க."

ஆண்டிச்சாமி அவன் தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டார். சபையில் விழுந்து எழுந்தவன் மேல் அதற்கப்புறம் யாரும் குற்றம் சொல்வதில்லை. அந்த ஊர்களில் அதுதான் கட்டுப்பாடு. ரகுநாத்துக்கு அது தெரியாதா? விவரம் தெரிந்த நாளாய்ப் பார்த்து வளர்ந்தவன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று பதறி எழுந்தான்.

"ஐயா, இன்னும் முக்கியமானதைச் சொல்லல! இவன் வயித்துல ஒதச்சுத்தான் புள்ள கலைஞ்சிச்சு!"

"அடப்பாவி!" என்று பொன்னுத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள். "வழுக்கி விழுந்தேன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னது யாரு, நானா?"

"அண்ணன் சொல்றது நெசந்தான்" என்று உள்ளேயிருந்து இலக்கியாவின் குரல் வந்தது. அந்தக் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

தனக்குத் தெரியாது என்று தலையாட்டிய ரெங்கசாமியைப் பார்த்துவிட்டு ஆண்டிச்சாமி முகம் சுளித்தார். "இம்புட்டுப் பெரிய விசயத்தை வச்சுக்கிட்டா தம்பி, இந்நேரம் மழையையும் உப்பையும் பேசிக்கிட்டு இருந்தீங்க? பெத்தவருக்குக்கூடத் தெரியலயே. நெசம்னா எடுத்த எடுப்புல வந்திருக்குமே. பையன் விழுந்த பெறகு புதுசா ஒண்ணு கெளப்புறீங்க. கதை நடத்துற வாத்தியாரு, ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரகுநாத் எவ்வளவோ கத்திப் பார்த்தான். அப்பாவே அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வெற்றிலைத் தட்டு வந்தது, இலக்கியா புருஷன் வீட்டுக்கே திரும்புவது என்று பேச்சு முடிந்தது.

அவளை அழைத்துப்போக மத்தியானமே பிரவீன்குமார் வீட்டார் கார் பிடித்து வந்துவிட்டார்கள். இலக்கியா அழவில்லை. பையை வாங்க வந்த அண்ணனிடம் அதைக் கொடுக்காமல் நின்றாள்.

"ஒதச்சான், புள்ள போச்சு. வாயத் தொறந்ததும் இதைச் சொல்ல ஒனக்கு எம்புட்டு நேரம் ஆயிருக்கும்? அவங்க எப்ப அழுவாங்கன்னு பாத்தியேண்ணே, ராத்திரி நான் எவன் பக்கத்துல போய்ப் படுக்கணும்னு பாத்தியா?"

பிரவீன்குமார் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அவள் போய் ஏறிக்கொண்டாள்.