கேந்திப்பூவும் புளித்த கஞ்சியும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் நத்தைத் தொல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நத்தைக்கு என்ன வேலை என்பார்கள். கோடை முழுக்கக் கரிசல் வெடிப்புக்குள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கிடக்கிற அதுகளை அவர்கள் எங்கே கண்டார்கள்! ஐப்பசியில் நல்ல மழை விழுந்தால் அத்தனையும் எழுந்து வரும், அதுவும் கொள்ளைப் பசியோடு. மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மாவுக்கோ அந்த மழைக்காலத்தில்தான் செண்டுமல்லி என்கிற கேந்திப்பூ வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள். எனக்கு முன்னால் பிறந்து, ஒரு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட அண்ணன் ஒருவன் எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தான். தாத்தாக்களின் கல்லறைக்குக் கடைப்பூ போதும். அவனுக்கு மட்டும் வீட்டில் பூத்ததுதான். ஆவணியில் விதை போட்டு, குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த நல்ல தண்ணீரை அதற்கு ஊற்றுவாள். நாங்கள் குளிப்பது உப்புக் கிணற்றுத் தண்ணீரில். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் யாரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது.

எண்பதுகளில் ஒரு வருடம் மழை முந்திக்கொண்டது. மொட்டு விட்டிருந்த வரிசையில் ஒரு பக்கம் நத்தை தின்றுபோக, வெறும் தண்டு மட்டும் நின்றது. அப்பா சைக்கிளில் டவுனுக்குப் போய் உரக்கடையில் ஒரு பொட்டலம் மருந்து வாங்கி வந்தார்.

“இதத் தூவுனா ஒண்ணு மிஞ்சாது.”

“மருந்து வேணாம். கொண்டுபோயி குடுத்துட்டு வாங்க.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிச் செடிகளைச் சுற்றிப் போட்டாள். ஒரு தூறலில் கரைந்துபோனது. ஆத்திரத்தில் கல்லுப்பை இறைத்தாள். நத்தை செத்தது, கூடவே செடியும் வாடியது. “ஊறுகாயா போடப் போற?” என்று அப்பா கேலி செய்தார். இந்த வருடம் அவனுக்குப் பூ இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அம்மா முகத்தில் அப்படியே தெரிந்தது.

பக்கத்து வீடு நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், எங்களோடு தமிழ். தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். மழையென்றால் பாவு காயாது. காய்ச்சிய கஞ்சி பானையிலேயே கிடந்து புளிக்கும். ஒரு காலையில் அந்த வீட்டு அக்கா வேலியோரம் பானையோடு வந்து நின்றார்.

“ஒங்க வீட்டு நத்தையெல்லாம் எங்க கஞ்சியில கெடக்கு, பாருங்க. இங்கிட்டு வெரட்டி விட்டீகளாக்கும்?”

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தக் கஞ்சிய எனக்குக் குடுப்பீகளா?”

சண்டைக்கு வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

கொட்டாங்கச்சிகளைச் செடிகளுக்கு நடுவே, விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்து, சாயங்காலம் கஞ்சி ஊற்றினோம். பக்கத்தில் ஈரச்சாக்கையும் விரித்தோம். காலையில் சில கஞ்சியில் மிதக்கும்; குடித்துவிட்டுத் தப்பியவை சாக்குக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கித் தெருக்கோழிகளுக்குப் போடுவது என் வேலை. கொஞ்ச நாளில் என்னைக் கண்டாலே கோழிகள் ஓடி வந்தன.

கல்லறைத் திருநாளன்று பறித்த பூ, கூடையின் அடியை மட்டும்தான் மறைத்தது. அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு நகர்ந்ததும், அந்தச் சின்னக் கல்லறையின்மேல் பூக்களைப் பரப்பினாள். அப்பா காற்றுப் படாமல் கையால் மறைத்து மெழுகுவர்த்தி கொளுத்தியபடியே சொன்னார்:

“ஒரு பொட்டலத்துல முடிய வேண்டிய சோலி.”

“எதக் கண்டாலும் வாயில வைக்கிற பய,” என்றாள் அம்மா. “அவனுக்குக் கையெட்டுற எடத்துல மருந்து போட்ட பூவையா வைக்கச் சொல்றீக?”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதுவரை எனக்கு அண்ணன் என்றால் ஒரு சிலுவையும் சிமெண்டுத் திட்டும்தான். அன்றைக்குத்தான் அவன் தவழ்ந்து வந்தான்.