மூன்றாவது ஏழு மீட்டர்

வெர்பித்சாவில் ரிஸ்தோவுக்கு இரண்டு நாற்காலிகள் என்று சொல்வார்கள். ஒன்று, சந்தைத் தெருவில் அப்பா விட்டுப்போன சலூனில் மற்றவர்களை உட்காரவைப்பது. இன்னொன்று, யாக்கா ஹேண்ட்பால் அணியின் பெஞ்சில் இடது ஓரம், அவன் உட்காருவது. அந்த ஓரத்தில் பதினொரு வருஷம் உட்கார்ந்தான். யாக்கா என்பது அந்தப் பக்கத்து வயல்களில் விளையும் புகையிலையின் பெயர். புகையிலை ஆலைதான் அணியை நடத்தியது. அதனால் அணிக்கும் அதே பெயர்.

ரிஸ்தோ இரண்டாவது கோல்கீப்பர். முதலாவது வாஞ்சோ. ஆலைக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவன், ரிஸ்தோவைவிட ஐந்து வயது இளையவன், பனைமர உயரம், கையும் காலும் ரப்பர். அவன் இருக்கும்வரை வேறு யாரும் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கப்போவதில்லை என்பது ரிஸ்தோவுக்குத் தெரியும். அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, பைக்குள் காலணியைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு நடப்பான். ஆட்டம் முடிந்ததும் வீட்டில் மனைவி பவ்லினா வறுத்த மிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்துக் காத்திருப்பாள். அவனுக்கு அது போதும்.

ஆனால் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. ஏழு மீட்டர் கோட்டில் ஒருத்தன் தனியாக நின்று கோலுக்குள் எறிகிற தண்டனை வீச்சு இருக்கிறதே, அதை மட்டும் வாஞ்சோவைவிட அவன் நன்றாகப் பிடிப்பான். சவரக்கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கும்போது ஆள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறான் என்று முதலில் தோள்தான் சொல்லும், எறிகிறவனும் அப்படித்தான் என்பான். எதிரணிக்கு ஏழு மீட்டர் கிடைத்தால் கோச் மெத்தோதி அவனைப் பார்த்து மோவாயை அசைப்பார். ரிஸ்தோ மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ஓடுவான், வாஞ்சோ வெளியே வருவான், வழியில் இருவரும் உள்ளங்கையைத் தட்டிக்கொள்வார்கள். ஒரே ஒரு வீச்சு. பிடித்தாலும் விட்டாலும் திரும்பப் பெஞ்சுக்கு. மேலே உட்கார்ந்திருக்கும் கூட்டம் சும்மா இருக்காது. "என்ன மாஸ்டர், அதுக்குள்ள ஷேவிங் முடிஞ்சுதா?" என்று கத்துவார்கள். ரிஸ்தோவும் கையை உயர்த்திக் காட்டுவான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் யாக்காவுக்கு ஐரோப்பியக் கோப்பையில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஆட்டங்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்து, குறைந்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதல் சுற்றில் சைப்ரஸ்காரர்களை எளிதாகத் தாண்டினார்கள். அடுத்து ஸ்லோவாக்கியா. ஆலை பஸ்ஸிலேயே போனார்கள். செர்பிய எல்லையில் இரண்டு மணி நேரம், ஹங்கேரி எல்லையில் ஐந்து மணி நேரம். இரண்டாம் நாள் பவ்லினா கட்டிக்கொடுத்த அடைத்த குடைமிளகாய் புளித்துப்போய்விட்டது. ரொட்டியில் மிளகாய் விழுதைத் தடவித் தின்றுவிட்டு நேராக ஆட்டத்தில் இறங்கினார்கள். அப்படியும் ஜெயித்தார்கள். வெர்பித்சாவில் அன்றைக்குக் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றின.

கால் இறுதியில் ஓர் ஆஸ்திரிய அணி. அங்கேதான் ரிஸ்தோவின் வாழ்க்கை மாறியது என்று சொல்லவேண்டும். அவர்கள் ஊரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மூன்று ஏழு மீட்டர்கள். மூன்றுக்கும் மெத்தோதி அவனை அனுப்பினார். இரண்டைப் பிடித்தான். யாக்கா ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் அரை இறுதிக்கு வந்தது. வானொலியில் அவன் பெயரை மூன்று தடவை சொன்னார்களாம். ஊர் திரும்பியபோது சலூன் வாசலில் பூச்செண்டு கிடந்தது. நகரத் தலைவரே ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் அவன் காபிக்குக் காசு எடுத்தால் யாரும் வாங்கவில்லை.

பவ்லினாதான் முதலில் கவனித்தாள், அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று. பதினொரு வருஷமாக யாரும் எதையும் எதிர்பார்க்காத ஆளாகப் போய் வந்துகொண்டிருந்தவன். இப்போது நாற்காலியில் உட்காருகிறவன் எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே அவனைப் பார்த்து, "அடுத்ததுக்கும் நீதான்யா இருக்கே நமக்கு," என்றான். ரிஸ்தோ சிரித்துவைப்பான். உதறிய துண்டையே இன்னொரு தடவை உதறுவான்.

அரை இறுதியில் டென்மார்க் அணி. அவர்கள் ஊரில் யாக்கா இருபத்துநாலுக்கு இருபது என்று தோற்றது. அந்த அணியில் இடது கைக்காரன் ஒருத்தன், வைக்கோல் நிற முடி. ஆட்டத்துக்கு முன் பயிற்சி செய்யும்போது அவன் மூன்று விதமாக எறிந்து பார்த்துக்கொண்டதை ரிஸ்தோ கவனித்தான். தாழ்வாக ஒன்று, கால்களுக்கு நடுவே ஒன்று, கீப்பர் முன்னேறி வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போடுவது ஒன்று.

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை சாயங்காலம், வெர்பித்சா அரங்கம். ஆயிரத்தெண்ணூறு பேர் உட்காரும் இடத்தில் மூவாயிரம் பேர். அன்று வாஞ்சோ ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் பேசலாம், ஆனால் யாரும் பேசுவதில்லை. அவன் பிடித்த பந்துகள் மட்டும் பதினெட்டு. முகத்தில் ஒன்று, விலாவில் ஒன்று, காலை நீட்டிக் கட்டைவிரலில் ஒன்று. நடுவில் இரண்டு ஏழு மீட்டர்கள் வந்தன. ரிஸ்தோ ஓடினான். இரண்டையும் வைக்கோல் முடிக்காரன்தான் எறிந்தான். முதலாவது தாழ்வாக உள்ளே போனது. இரண்டாவது ரிஸ்தோவின் கால்களுக்கு நடுவே போனது. திரும்பி வரும்போது மேலிருந்து யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை என்று அவன் பிற்பாடு நினைத்ததுண்டு.

ஆட்டம் முடிய இரண்டு வினாடி இருக்கும்போது யாக்கா இருபத்தைந்து, டென்மார்க்காரர்கள் இருபது. கூட்டிப் பார்த்தால் யாக்கா ஒரு கோல் முன்னால். அப்போது கோலுக்கு எதிரே டென்மார்க்காரன் ஒருத்தனை யாக்கா ஆட்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். நடுவர் விசில் ஊதினார், ஏழு மீட்டர். அதற்குள் நேரம் முடிந்த மணியும் அடித்துவிட்டது. இனி இந்த ஒரு வீச்சு மட்டும்தான் பாக்கி. உள்ளே போனால் கணக்கு சமன். ஆனால் வெளியூரில் அதிகம் போட்டவர்கள் என்று டென்மார்க்காரர்கள்தான் இறுதிக்குப் போவார்கள்.

மெத்தோதி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ரிஸ்தோ, போ."

ரிஸ்தோவின் கை மேல்சட்டைப் பித்தானுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"வாஞ்சோ உடம்பு சூட்டுல இருக்கான் கோச். அவனே நிக்கட்டும்."

"உன்னைத்தான் கேக்குறேன்."

ரிஸ்தோ இல்லை என்று தலையை ஆட்டினான். மெத்தோதி ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பி, அங்கேயே நில் என்று வாஞ்சோவுக்குக் கையைக் காட்டினார்.

மூன்றாவது தலைக்கு மேலேதான் வரும் என்று ரிஸ்தோவுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்றுகூட இல்லை, கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. கோட்டைவிட்டு வராதே என்று கத்தியிருந்தால் போதும். வாய் ஒட்டிக்கொண்டது. வாஞ்சோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தான். இடது கைக்காரன் எறிவது போல் ஓங்கி, கடைசியில் மணிக்கட்டை மட்டும் சுண்டினான். பந்து வாஞ்சோவின் தலைக்கு மேலே மெதுவாக வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. மூவாயிரம் பேர் இருந்த அரங்கத்தில் பந்து தரையில் இரண்டு தடவை குதித்த சத்தம் கேட்டது.

மெத்தோதி பத்திரிகைக்காரர்களிடம், கீப்பரை மாற்றவேண்டாம் என்பது தன் முடிவு என்று சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை சலூனில் உட்கார இடமில்லை. முடிவெட்ட வந்தவர்கள் நாலு பேர், பேச வந்தவர்கள் பத்துப் பேர்.

"எதுக்குய்யா முன்னால வந்தான் அந்த நெட்டைக் கொக்கு? கோட்டுலயே நின்னிருந்தா நெத்தியில பட்டுத் திரும்பியிருக்கும்," என்றார் கறிக்கடை ஸ்பாசே.

"மெத்தோதிக்குப் புத்தி எங்க போச்சு? மாஸ்டர், உன்னை ஏன் அனுப்பல?" என்று நாற்காலியில் இருந்தவர் கேட்டார்.

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "கோச் முடிவு," என்றான் ரிஸ்தோ.

அந்த இரண்டு சொல்லைத்தான் அவன் பிறகு எத்தனையோ ராத்திரி, எத்தனையோ பகல் நினைத்துப் பார்த்தான். தலையாட்டியதைக்கூட பயம் என்று மன்னித்துவிடலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. பயம் இல்லாத நேரத்தில், சொந்தக் கடையில், காலில் செருப்போடு நின்று சொன்னது.

வாஞ்சோவுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தார்கள். யாரோ அவன் வீட்டுக் கதவில் மாவுச் சல்லடை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் அம்மா அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனதைப் பவ்லினா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "நீயாவது போய் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசு ரிஸ்தோ. உன் சேக்காளிதானே," என்றாள். அவளுக்கும் விஷயம் தெரியாது. ரிஸ்தோ போகிறேன் என்றான். போகவில்லை.

கோடை முடிவதற்குள் மெத்தோதியை ஆலைக்காரர்கள் நீக்கிவிட்டார்கள். வாஞ்சோ ஸ்லோவேனியாவுக்குப் போய்விட்டான், தரைக்கு ஓடு பதிக்கிற வேலைக்கு. ஊரைவிட்டுப் போவதற்கு முதல் நாள் சலூனைத் தாண்டிப் போனான். உள்ளே பார்த்து நின்றான். கடையில் ஆள் இருந்தது. ரிஸ்தோ கண்ணாடி வழியாகத் தலையசைத்தான். வாஞ்சோவும் தலையசைத்துவிட்டுப் போனான்.

அடுத்த பருவத்தில் முதல் கோல்கீப்பர் ரிஸ்தோதான். ஆறு ஆட்டம் நின்றான். முழங்கால் வலி என்று சொல்லி விலகிக்கொண்டான். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

மெத்தோதி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் முடிவெட்ட வருவார். மழை, தக்காளி விலை, மகள் பிரசவம், எல்லாம் பேசுவார். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது ரிஸ்தோதான் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துவிட்டான். ஒருநாள் பிற்பகல், கன்னத்தில் சோப்பு நுரையைப் போட்டுவிட்டு, அவன் தானாகவே கேட்டான்.

"கோச், அன்னிக்கு ஏன் என்னைக் காட்டிக்குடுக்கல?"

"பயந்தவனை நிக்கவெச்சிருந்தா அது என் தப்பு. நிக்கவெக்கல. அதுவும் என் முடிவுதான். பொய் ஒண்ணும் சொல்லலியே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா அந்தப் பையன்கிட்ட நீ சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சிட்டிருக்கேன். சொன்னேதானே?"

ரிஸ்தோ கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெத்தோதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அவர் மறுபடி திரும்பும்வரை ரிஸ்தோ நின்றுகொண்டே இருந்தான். அந்த மாதமே அவர் போய்விட்டார்.

வாஞ்சோ ஊருக்கு வந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டில். அம்மா வீட்டை விற்பதற்கு முன் வாசற்படியைச் சரிசெய்ய வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ரிஸ்தோ அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போனான். வாஞ்சோ படியில் மண்டியிட்டு ஓடு பதித்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "வாங்கண்ணே," என்றான். உள்ளே போய் ராக்கியா சாராயமும் இரண்டு சின்னக் குவளையும் எடுத்து வந்தான். மரியாதைக்குக் குறைவில்லை.

ரிஸ்தோ குவளையைத் தொடவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை மளமளவென்று சொன்னான். மெத்தோதி என்னைத்தான் கூப்பிட்டார், நான்தான் மாட்டேன் என்றேன், தலைக்கு மேலே வரும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, ஊர் உன்னைப் பேசியபோதும் திறக்கவில்லை.

வாஞ்சோ ஓட்டின் ஓரத்தில் பிதுங்கிய சாந்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்ணே."

"மெத்தோதி சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. நான் பாத்தேன். விசில் ஊதினதும் நான் பெஞ்சைத்தான் பாத்தேன். நீங்க எந்திரிச்சு வருவீங்கன்னு. எனக்குக் கால் ரெண்டும் தள்ளாடிச்சு, ஒரு மணி நேரம் ஆடியிருக்கேனே. நீங்க தலையாட்டினது நல்லாத் தெரிஞ்சுது."

ரிஸ்தோ இத்தனை வருஷமும் ஒரே ஒரு ஆறுதலை வைத்திருந்தான். அன்று அவ்வளவு நன்றாக ஆடியவன், கடைசி வீச்சையும் தானே பிடிக்க ஆசைப்பட்டிருப்பான் என்பது. அதுவும் அந்தப் படியிலேயே போயிற்று.

"அப்ப ஏண்டா யார்கிட்டயும் சொல்லாம இருந்தே?" என்று கேட்டான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொதல்ல ஒரு வாரம். அப்புறம் ஊரைவிட்டுப் போற வரைக்கும். அங்க போயும் ஒரு வருஷம் நெனச்சிட்டிருந்தேன், லெட்டராவது போடுவீங்கன்னு." வாஞ்சோ அடுத்த ஓட்டை எடுத்து வைத்து, சுத்தியல் பிடியால் தட்டினான். "அப்புறம் புள்ளகுட்டி, வேலை. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். நெனக்கிறதை விட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று ரிஸ்தோ சொன்னான். சரிண்ணே என்றான் வாஞ்சோ. அந்தச் சரியில் கோபம் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. சாந்து காய்ந்துவிடும், வேலையைப் பார்க்கவேண்டும் என்றான். ரிஸ்தோ எழுந்து, ஈரமான படியில் கால் வைக்காமல் ஓரமாகத் தாண்டி இறங்கினான்.

மறுநாள் காலை சலூனில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ரிஸ்தோ சீப்பை வைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னான், முதலிலிருந்து கடைசிவரை. இளவட்டங்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாஞ்சோ யார் என்று ஒருத்தன் கேட்டான். யாக்கா அணியைக் கலைத்தே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இன்னொருத்தன், "விடு மாஸ்டர், ஒரு பந்து தானே," என்று போனைப் பார்த்தான்.

கறிக்கடை ஸ்பாசே மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது எழுபது. அன்று வாஞ்சோ வீட்டுக் கதவில் சல்லடையைக் கட்டியது அவர்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் முறைதான் அடுத்து. எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, முடிவெட்டிக்கொள்ளாமலே கதவைத் திறந்து வெளியே போனார். வாஞ்சோ வீட்டுப் பக்கமாக நாலடி நடந்தார். நின்றார். பிறகு திரும்பித் தன் கடைக்கே போய்விட்டார்.

ரிஸ்தோ கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்து யார் என்று கேட்டான்.