குரூப்பு எழுதிய நோட்டு

என் இடது முழங்கைக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு உண்டு. பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பிய புதிதில், விருத்தாசலத்தில் பாதிப் பேர் அதைக் குண்டு உரசிய காயம் என்று நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. வாய் திறந்து சொன்னால்தானே பொய்? சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே மடித்து விட்டுக்கொள்வது பொய்யில் சேருமா? உண்மையில் அது ரொட்டி சுடும் தவா இழுத்த கோடு. பன்னிரண்டு வருஷம் தேசத்துக்காக நான் உருட்டியது சப்பாத்தி மாவு. பட்டாளத்தில் சமையல்காரனை லாங்கிரி என்பார்கள். அது என்ன பதவி என்று கேட்டவர்களிடம், "கேப்டனுக்குப் பக்கத்துல" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் சாப்பிடும்போது பக்கத்தில்தான் நிற்பேன்.

என் வண்டவாளம் முழுதும் தெரிந்த ஒரே இடம் எங்கள் முன்னாள் ராணுவத்தார் சங்கம். பீங்கான் கம்பெனிகள் இருக்கும் சாலையில், ஒரு முதலாளி விட்டுக்கொடுத்த தகரக் கொட்டகைதான் ஆபீசு. சூளையில் கோணிப்போன கப்புகளை வெளியே கொட்டுவார்கள். நாங்கள் பொறுக்கி வந்து அதில் டீ குடிப்போம். அந்தக் கொட்டகையில் கோணாமல் இருந்தது எங்கள் தலைவர் ஒருவர்தான். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்து வழக்கப்படி அவரை நாங்கள் 'சாப்' என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு பீங்கான் கம்பெனியில் கேன்டீனுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, என்னை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவன் சமைச்சத ரெண்டு வருஷம் நம்ம சங்கத்துல சாப்பிட்டிருக்கேங்க. உசுரோடதான் இருக்கேன். மத்தத நீங்களே பாத்துக்குங்க."

அதைவிட நல்ல சிபாரிசு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், எல்லாம்தான். எல்லையில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸேறி வரும் அம்மாக்களைக் கடலூர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பென்ஷன் படிவம் நிரப்புவது. ஜவான்களை ஏற்றிய ரயில் நம் ஜங்ஷனில் நிற்கும் என்று தெரிந்தால் புளிசாதப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பது. பொட்டலம் என் பொறுப்பு. எனக்குக் கொஞ்சம் எழுத்தும் வரும் என்பதால் செயலாளர் பதவியும் என் தலையில் விழுந்தது.

சாப்புக்குக் காகிதம் என்றால் கல்வெட்டு. பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதற்குப் பதிலாக அதை எடுத்து நீட்டுவார். எங்கள் சங்கத்தில் ஒரு டிரைவர் இருந்தான். ராணுவ லாரி ஓட்டியவன். வாட்ச்மேன் வேலைக்கு மனுப் போட, வயதில் இரண்டைக் குறைத்து எழுதிக்கொண்டு சாப்பிடம் கையெழுத்துக்கு வந்தான். அவர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோல அவன் மடியில் போட்டார்.

"புஸ்தகத்துல என்னா இருக்குதோ அத எழுதுடா. பொய்யில எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

டிரைவர் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, பேசாமல் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போவான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். ஒருநாள் எங்கள் கொட்டகைக்கே நேரில் வந்துவிட்டார். கோணல் கப்பைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் வாய் வைப்பது என்று தேடிக்கொண்டே சொன்னார்.

"ரத்தம் வேணும்னா இந்த ஊர்ல சொந்தக்காரங்க எல்லாம் பின்வாசல் வழியா ஓடுறாங்க. நீங்க ரத்தத்தப் பாத்தவங்க. யார் யார் என்ன குரூப்புன்னு ஒரு லிஸ்ட் குடுங்க. அவசரத்துக்குக் கூப்பிடுறேன்."

ரத்தம் பார்த்தவர்கள் என்றதும் எங்கள் நெஞ்சு தகரக் கூரையை முட்டியது. கோழி அறுத்தபோது பார்த்த ரத்தத்தை நினைத்து என் நெஞ்சும் கொஞ்சம் முட்டியது. மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, மூன்று கட்டம் பிரித்தேன்: பெயர், முகவரி, குரூப்பு. உறுப்பினர் எல்லாரிடமும் சுற்றுக்கு விட்டேன். நிறைந்து வந்ததும், நான் படித்துக்கூடப் பார்க்காமல், அட்டை போட்டு, சங்க முத்திரை குத்தி, டாக்டரம்மாவிடம் சல்யூட் அடித்துக் கொடுத்தேன். அவரும் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

அந்த நோட்டு முதன்முதலாகத் திறக்கப்பட்டது என் மனைவிக்காக.

எங்களுக்கு அது முதல் பிரசவம். காலை பத்து மணி வாக்கில் பெண் குழந்தை பிறந்தது. நான் வராந்தாவில் நின்று சர்க்கரை வாங்கப் போகலாமா கற்கண்டு வாங்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"பிள்ளை நல்லாயிருக்கு. அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ரெண்டு பாட்டில் ஏத்தணும். ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காது. உங்க நோட்டு இருக்குதே, நல்லவேளை."

நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார்.

"என்னய்யா இது? 'இன்ஜினியர்'. இது என்ன, 'சிக்னல்'? இவரு 'பீரங்கி'யாம். பீரங்கி எந்த ரத்தத்துல சேர்த்தி?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு பழைய பட்டாளத்தான் சந்தித்தால் முதல் கேள்வியே 'நீ எந்த குரூப்பு' என்பதுதான். எந்தப் படைப்பிரிவு என்று அர்த்தம். நான் கோடு போட்டுக் கேட்டேன்; அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிவிட்டார்கள்.

"இங்க ஒருத்தர் 'சப்ளை'ன்னு எழுதியிருக்காரு. யாரு இந்த சப்ளை?"

"நான்தாங்க. கை பழக்கத்துல எழுதிடுச்சு."

டாக்டரம்மா நோட்டை என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆளுங்கள எல்லாம் கூட்டிட்டு வாங்க. இங்கயே பாத்துக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் என் மனைவியின் கால் மட்டும் தெரிந்தது. மெட்டி போட்ட கால். வெளுத்துப் போயிருந்தது.

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. கொட்டகையில் சாப் தனியாக உட்கார்ந்து யாருக்கோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன்.

"அழுவறத அப்புறம் வெச்சிக்க. நோட்டுல முகவரி சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க சாப்."

"அப்ப நோட்டு உருப்படியான நோட்டுதான். குடு."

அந்த நோட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். முகவரிகளைப் பார்த்துச் சாலைவாரியாகப் பிரித்தார். வழியில் கிடைத்த முதல் நாலு பேரை நாலு திசைக்கு அனுப்பினார். சூளை வாசலில் காவல் இருந்தவன், ரயில்வே கேட்டில் இருந்தவன், அரிசி மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன், பாதிச் சவரத்தில் எழுந்து ஓடி வந்தவன் என்று முக்கால் மணி நேரத்துக்குள் பதினாறு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா நின்றார்களா? யாரும் சொல்லாமலே உயரப்படி வரிசை கட்டி, மார்பை நிமிர்த்தி நின்றார்கள். பிரசவ வார்டுக்குத் துணைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாம் யாரோ மந்திரி வருகிறார் என்று முந்தானையைச் சரிசெய்து கொண்டார்கள்.

லேப்காரர் வரிசையில் ஒவ்வொரு விரலாகக் குத்தி, சொட்டை எடுத்துக் கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்தார். என் விரலைக் குத்தியதுதான் தெரியும்; கண் விழித்தது தரையில். எனக்கு பி பாசிட்டிவாம். என் ரத்தம் அவளுக்கு ஒத்து வராது என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினாறில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவன் அந்த டிரைவர். அவனை உடனே வராந்தாவிலேயே ஒரு கட்டிலில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். இரண்டாவது ஆள் சாப்.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வயசு என்னங்க?"

பழக்கதோஷம். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், மெழுகுத்துணியைப் பிரித்து, புத்தகத்தை நீட்டிவிட்டது. டாக்டரம்மா கணக்குப் போட்டார்.

"அம்பத்தெட்டு ஆவுது. அம்பத்தஞ்சுக்கு மேல நான் எடுக்கறதில்லீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ஒரு பாட்டில் போதாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கடலூரிலிருந்து ஆள் வருவதற்குள் என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

சாப் புத்தகத்தைத் திரும்ப வாங்கினார். துணியில் சுற்றினார். பைக்குள் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தும், டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அம்பத்தி நாலுதாங்க."

"புஸ்தகத்துல அப்படி இல்லியே?"

"புஸ்தகத்துல இருக்கறது என் பொய்ங்க. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேட்டப்ப எனக்குப் பதினாலு. வூட்ல சோறு இல்ல. பதினெட்டுன்னு சொல்லி, கட்டைவிரல்ல எக்கி நின்னு அளவு குடுத்தேன். எழுதிக்கிட்டாங்க. அன்னிலேருந்து அதுவே என் வயசு."

அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் அவர் எங்களையெல்லாம் நிமிர்த்தி வைத்திருந்தார். கட்டிலில் படுத்திருந்த டிரைவர் ஆறு மாதத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தான்.

"அப்ப ஏன் சாப் என் காயிதத்துல கையெழுத்து போடல?"

"நீ கொறைச்ச. நான் கூட்டினேன்டா."

"ரெண்டும் பொய்தான சாப்?"

"ஆமாடா. பொய்தான். வருஷம் நாப்பதாவுது, இன்னும் அந்தப் பக்கத்தப் பாத்தா கை கூசுது. அந்தக் கூச்சம் உனக்கு வேணாம்னுதான் போடல."

டிரைவர் கூரையைப் பார்த்தான். பிறகு டாக்டரம்மாவிடம், "எடுத்துக்குங்கம்மா. அவரு சொன்னா நெசமாதான் இருக்கும்," என்றான்.

டாக்டரம்மா சாப்பின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "அம்பத்தி நாலுன்னே வச்சிக்கிறேன். படுங்க," என்றார்.

பொழுது சாய்வதற்குள் என் மனைவியின் உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "ஏங்க, நெத்தியில என்னா வீக்கம்?" என்றுதான். தரையில் விழுந்ததைச் சொன்னேன். சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள். என் கோமாளித்தனத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய கூலி எனக்குக் கிடைத்ததில்லை.

சாப் நாலு நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். நான் செயலாளர் ஆயிற்றே, வாங்கிப் படித்தேன். "தேதி தப்பா போட்டிருக்கீங்க சாப், தப்பான காயிதத்த நம்ம சங்கம் வாங்காது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேதி சரியாகத்தான் இருந்தது. டிரைவர் ஒரு கப்பில் டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தான். அவர் குடித்தார். கூட்டம் நடந்தது.

குழந்தைக்குக் காது குத்தும் காலம் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் மூன்று அக்காக்கள். என் மாமனார், "நல்லூர்ல எங்க அண்ணன் மவன் இருக்கறான், சொல்லி அனுப்பறேன்," என்றார்.

"எதுக்குப்பா? எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க," என்றாள் இவள்.

"யாரும்மா அது? நான் பெத்தத எனக்குத் தெரியாம?"

"ஒடம்புல அவுங்க ரத்தம் ஓடுது. அதுக்கு மேல அண்ணன்னா என்னா?"

அவர்கள் என்ன வகையறா, நாம் என்ன வகையறா என்று மாமனார் இழுத்துப் பார்த்தார். "ஏத்தும்போது ஏன் கேக்கல?" என்று அவள் கேட்டாள். மாமனார் வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

சங்கத்து ஆட்கள் எல்லாரும் சீர்வரிசைத் தட்டு ஏந்தி, அணிவகுப்புபோலக் கால் தப்பாமல் நடந்து வந்தார்கள். காது இரண்டு, மாமன் இரண்டு. கணக்கு சரியாக வந்தது. வலது காதுக்குச் சாப் மடி. பிள்ளை என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பத்தர் வேலையை முடித்துவிட்டார். இடது காதுக்கு டிரைவர் மடி. இப்போது பிள்ளைக்கு விவரம் தெரிந்துவிட்டது, வீறிட்டாள். அவள் வீறிட்டதில் ராணுவ லாரியை மலையில் ஓட்டியவனுக்கு முழங்கால் நடுங்கியது.

என் மகளுக்கு இன்றைக்கும் இடது காதுத் துளை ஒரு நூல் கீழே இருக்கிறது. கம்மல் போட்டால் தெரியும். சரிசெய்து கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "அது எங்க சின்ன மாமா நடுக்கம். இருந்துட்டுப் போவுது," என்பாள்.