வாசிக்கப்படாத மரண அறிவித்தல்

இது நடந்தது. இரவில் நடந்ததா என்றுதான் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில், காலி வீதி முழுவதும் வாகனங்கள் வெயிலில் நகராமல் நின்ற ஒரு நண்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம். சாட்சிகள் மூவர். மூவரும் உயிரோடிருக்கிறார்கள். தங்களுக்குள்கூட அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

கஜீவன் அங்கே ஒரு தனியார் வானொலியில் அறிவிப்பாளன். பகல் பன்னிரண்டே காலுக்கு மரண அறிவித்தல் வாசிப்பது அவன் வேலை. நம்மவர் வீடுகளில் அந்த நேரத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே காது கொடுப்பார்கள். தெரிந்த பெயர் வந்தால் சாப்பாடு அத்துடன் சரி.

அந்தப் பகுதிக்குத் தலைவி கனகேஸ்வரி அம்மையார். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒலிபரப்பு அனுபவம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, உயராத குரல். அந்த உயராத குரலுக்குத்தான் எல்லோரும் நடுங்கினார்கள். ஆனாலும் அவரிடம் ஏச்சு வாங்கியதை வெளியே போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒருமுறை வெள்ளத்தில் பஸ் ஓடவில்லை. அம்மையார் வெள்ளவத்தையிலிருந்து தண்டவாளம் வழியாகவே நடந்துவந்து காலை ஒலிபரப்பைத் திறந்துவைத்தார். சேலைக் கரையில் சேறு. குரலில் ஒரு மூச்சிரைப்புக்கூட இல்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த மரண அறிவித்தலையும், வாசிக்கிறவரே இறந்தவரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட பிறகுதான் வாசிக்க வேண்டும்.

"ஆர் தந்தது?" என்பார்.

"விளம்பர முகவர், மேடம்."

"முகவரோ செத்தது?"

"இல்லை, மேடம்."

"அப்ப வீட்டைக் கேளும்."

கஜீவன் ஒருநாள் முகத்தைச் சுளித்தபோது அவனுக்கு ஒரு கதை சொன்னார். "ஒரு காட்டிலே செய்தி சொல்லுறது கிளியின்ர வேலை, அறிவிப்பாளரே. சிங்கம் செத்துப்போச்சு எண்டு நரி வந்து சொல்லிச்சு. குகை மட்டும் பறந்துபோய்ப் பாக்கக் கிளிக்குப் பஞ்சி. கொப்பிலே இருந்தபடியே சொல்லிப்போட்டுது. மானெல்லாம் துக்கம் விசாரிக்கக் குகைக்குப் போச்சுதுகள்."

"பிறகு, மேடம்?"

"பிறகென்ன? சிங்கம் சாப்பிட்டுது. கிளி நல்லாய்த்தான் இருந்திச்சு."

கோபம் வந்தால்தான் அவனை 'அறிவிப்பாளரே' என்பார். நல்ல மனநிலையில் 'தம்பி'. ஆறு வருடத்தில் அவன் 'தம்பி' ஆனது மிகக் குறைவு.

அந்தக் கிளியின் வேலையை அவனும் ஒருநாள் செய்தான்.

அவனுக்கு மகள் பிறந்து மூன்று வாரம். பாமன்கடை வீட்டிலிருந்து மனைவி ஹம்சிகா கைத்தொலைபேசியில் குழந்தையைக் காட்டினாள். குழந்தை சிரித்தது. நேரம் போனது தெரியவில்லை. கையில் இருந்த அறிவித்தலுக்கு அவன் வீட்டைக் கேட்கவில்லை. கேட்டதாகக் கையெழுத்துப் போட்டான். வாசித்தான்.

கொட்டாஞ்சேனை சாத்தப்பன் செட்டியார் காலமானார் என்று.

சாத்தப்பன் அந்த நேரம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பகையாளி செய்த விஷமம் அது. வத்தளையிலிருந்து மகள் விஷ்ணுப்பிரியா தலைவிரி கோலமாக, கையில் மாலையோடு வந்து வாசலில் விழுந்தாள். கிழவர் எழுந்து வந்து, "யாருக்கு ஆத்தா மாலை?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவருக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை நடந்தது. நிலைய முகாமையாளர் ரெனால்ட் கேட்டார்: "அந்த வீட்டுக்கு யாரு கோல் எடுக்கணும்?"

கஜீவன் நிலத்தைப் பார்த்தான். "மேடம் எடுத்திட்டா எண்டு நினைச்சன்," என்றான்.

பொய். அறையில் இருந்த மூவரில் இருவருக்கு அது பொய் என்று தெரியும்.

அம்மையார் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு ரெனால்டிடம், "பகுதி என்ர. பொறுப்பும் என்ர," என்றார். அவ்வளவுதான். மாதக் கடைசியில் அவருடைய மேசை வெறுமையாயிற்று.

போகிற அன்று கஜீவன் வாசலோரம் நின்றான். அவர்தான் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீர்?"

"இன்னும் வைக்கேல்லை, மேடம்."

"கெதியாய் வையும். பேரில்லாமல் கூப்பிடக்கூடாது."

திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அவருடைய கதிரை அவனுக்குக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் பலமுறை புறப்பட்டான். ஒருமுறை அவர் வீட்டு ஒழுங்கைக்குள் பாதி தூரம் போய், கடற்கரைப் பக்கமிருந்து யாரோ சேலை கட்டியவர் வருவதைக் கண்டு திரும்பி ஓடிவந்தான். வந்தது வேறு யாரோ. அதன்பின் காலி வீதியில் அந்த ஒழுங்கையைப் பஸ் கடக்கும்போதெல்லாம் மறுபக்க யன்னலைப் பார்க்கப் பழகிக்கொண்டான். வெட்கம் அப்படித்தான். கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொடுக்கிறது.

ஏழு மாதம் போனது.

ஒரு வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. ஹரிசன் என்ற பெயரில் நிலையத்தின் வாட்ஸ்அப்புக்கு ஓர் அறிவித்தல் வந்தது.

'சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட ஒலிபரப்பாளர் கனகேஸ்வரி இன்று காலை காலமானார்...'

கஜீவன் அதை இரண்டு முறை வாசித்தான். அடுத்த கணம் ஒரு நம்பிக்கை. இதுவும் விஷமமாக இருந்தால்? அனுப்பியவரின் இலக்கத்தை அவன் தொடவில்லை. வீட்டைத்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டு இலக்கம் விரலுக்கே தெரியும்.

12.04. அழைத்தான்.

மணி ஒருமுறை அடித்தது... இரண்டாம் முறை...

எடுக்கப்பட்டது.

"ஹலோ."

அந்தக் குரல்.

"மேடம்... நீங்களோ?"

"வீட்டுக்கு எடுத்தால் வீட்டுக்காரர்தானே எடுப்பினம்."

கஜீவன் சிரித்தான். கண்ணீரோடு சிரித்தான். "உங்களைப் பற்றி ஒரு அறிவித்தல் வந்திருக்கு, மேடம்."

"வாசியும் பாப்பம்."

அவருடைய பகிடி அது என்று நினைத்தான். வாசிக்கத் தொடங்கினான்.

"நிப்பாட்டும். ஊர்ப்பேருக்குப் பிறகு மூச்சு விடும். ஓடாதையும். ஆக்கள் சாப்பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறவை."

மீண்டும் முதலிலிருந்து வாசித்தான்.

"இப்ப சரி. மலர்ச்சாலை பொரளையிலே. அதை ரெண்டு தரம் சொல்லும்."

உடல் வைக்கப்பட்டிருக்கும் மலர்ச்சாலையைச் சொல்லும் வரிக்கு அவன் இன்னும் வந்திருக்கவில்லை. அது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். அந்த வீட்டின் பின்புறம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அங்கே தொலைபேசி எடுத்தால் அலையின் இரைச்சல் எப்போதும் கூடவே வரும். இன்று அலை இல்லை. காற்று இல்லை. கதவு மூடிய கலையகத்துக்குள் இருந்து பேசுவதுபோல்... குரல் மட்டும்.

மூச்சுக்கூட இல்லை.

ஆனால் கஜீவனுக்கு அப்போது மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில்தான் ஏழு மாதத்துப் பூட்டுத் திறந்தது.

"மேடம்... அண்டைக்குச் சாத்தப்பன் ஐயா வீட்டுக்கு நான் எடுக்கேல்லை. நீங்கள் எடுத்ததாய் நான் நினைக்கவும் இல்லை. ரெனால்ட் சேரிட்டைப் பொய் சொன்னனான்."

"கேட்டிட்டன், தம்பி. இனி வாசியும்."

"எப்படி வாசிக்கிறது, மேடம்? நீங்கள் இருக்கிறியள்தானே!"

இணைப்பு அறுந்தது.

12.15க்கு மற்ற அறிவித்தல்களை வாசித்தான். அதை வாசிக்கவில்லை. ஹரிசனுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்: 'இறந்ததாகச் சொல்லப்பட்டவரே என்னுடன் பேசினார். இத்தகைய விஷமங்கள் வேண்டாம்.' அனுப்பிவிட்டு அந்த இலக்கத்தைத் தடைசெய்தான். முதல்தடவையாகத் தன் வேலையைச் சரியாகச் செய்த திருப்தி அவனுக்கு.

மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தைச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கிக்கொண்டு அந்த ஒழுங்கைக்குள் நடந்தான். இம்முறை தலை நிமிர்ந்தே நடந்தான். கதவில் பூட்டு. தட்டினான்.

எதிர் வீட்டுச் சிங்களப் பெண் நிலூஷா எட்டிப் பார்த்தாள். "மல்லி, தம்பி, யாரைத் தேடுறது?"

"கனகேஸ்வரி மேடம்."

"ஐயோ, தெரியாதா? மிஸ் காலைல ஏழு மணிக்கே போயிட்டாங்க. தங்கச்சி மகன் வந்து மலர்ச்சாலைக்குக் கொண்டுபோனார். இப்ப கனத்தைச் சுடுகாட்டில எரிச்சும் முடிஞ்சிருக்கும்."

மாம்பழப் பை நழுவியது. பழங்கள் படிகளில் ஒவ்வொன்றாக உருண்டன.

அவன் கனத்தைக்குப் போனபோது புகைபோக்கியில் மெல்லிய புகை. கீழே பத்துப் பேர்கூட இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஊர் முழுவதும் கேட்ட குரல் அது. அன்று ஊருக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை.

அம்மையாரின் தங்கை மகன் ஹரிசன் அவன் சொல்லாமலே அவனை அறிந்துகொண்டான்.

"நீங்கள்தானே அந்த மெசேஜ் அனுப்பினது?"

கஜீவன் தலையசைத்தான்.

"ஐந்நூறு பேருக்குக் கதிரை போட்டிருந்தம் அண்ணை. ரேடியோவிலே சொல்லுவியள் எண்டு நம்பி." அவன் புகைபோக்கியைப் பார்த்தான். "பெரியம்மா உங்கட ஆள்தானே?"

மறுநாள் காலை ரெனால்டின் அறை. ஹரிசனும் வந்திருந்தான். அந்தச் செய்தியை மேசையில் காட்டினான்.

ரெனால்ட் நல்ல மனிதர். கஜீவனைக் காப்பாற்றவே பார்த்தார். "கோல் எடுக்க மறந்துட்டேன்னு சொல்லுங்க கஜீவன். ஒரு மாசம் சஸ்பென்ட். அதோட முடிஞ்சுது. சும்மா செத்தவங்க பேசினாங்கன்னு கதை சொல்லாதீங்க. சாத்தப்பன் விஷயத்துக்குப் பிறகு அந்த மேசையில இருந்து போற கோல் எல்லாம் ரெக்கோட் ஆகுது. போட்டால் தெரிஞ்சிடும்."

பதிவாகிறது. அது அவனுக்கு நினைவிலேயே இருக்கவில்லை.

அப்படியானால் அவன் சொன்னதும் அதில் இருக்கும். சாத்தப்பன் வீட்டுக்கு எடுக்காதது. பொய் சொன்னது. ஒலித்துவிட்டால் அவனுடைய கதிரை போகும். 'மறந்துவிட்டேன்' என்று சொன்னால் எல்லாம் அடங்கும். அம்மையாரின் பெயரும் அந்தக் கறையோடு அடங்கும்.

ஹரிசன் இன்னும் ஈரம் உலராத தலையோடு, செத்தவீட்டுக்கு ஆள் சேராத வீட்டுக்காரனாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுங்கோ, சேர்," என்றான் கஜீவன்.

ரெனால்ட் போட்டார்.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு.

மூன்று. நான்கு.

எடுக்கப்படவில்லை.

அடிக்கிற மணிக்கு மேலே கஜீவனின் குரல் கேட்டது. 'மேடம்... நீங்களோ?'

மணி அடித்தது.

அவன் சிரித்தான். மணி அடித்தது. அவன் வாசித்தான், நிறுத்தினான், மீண்டும் முதலிலிருந்து வாசித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு நேரம் அடிக்காதே..." என்றார் ரெனால்ட். "ஒரு நிமிஷத்துல கட்டாகிடுமே..."

பிறகு அந்த வார்த்தைகள் வந்தன. '...நான் எடுக்கேல்லை. நீங்கள் எடுத்ததாய் நான் நினைக்கவும் இல்லை. ரெனால்ட் சேரிட்டைப் பொய் சொன்னனான்.'

ரெனால்ட் மெல்ல நிமிர்ந்தார். கஜீவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறர் காதில் விழும்போதுதான் தன் குரல் எவ்வளவு சிறியது என்று அவனுக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில்...

மணி நின்றது.

அறுந்து நிற்கவில்லை. ஒரு மெல்லிய 'க்ளிக்'. மறுமுனையில் ஒருவர் எடுத்தால் வரும் சத்தம்.

அதன்பின் அமைதி. பேச்சில்லை. மூச்சில்லை.

ஹரிசன் எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்த வீட்டுச் சாவியைக் கையால் பொத்திப் பிடித்திருந்தான்.

"வீட்டிலே ஒருத்தரும் இல்லை," என்றான். "நான்தான் பூட்டினனான். திறப்பு ஒண்டுதான். அது நேற்று முழுக்க என்னட்டைத்தான் இருந்தது."