கேமராவுக்கு வைத்த பொட்டு

அந்த விரிவுரையாளரை நெனச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துல சினிமா படிச்சேன். கடைசி வருஷம் உள்ளூர்ப் பண்பாட்டப் பத்தி ஒரு படம் எடுக்கணும், அதுல தேறினாத்தான் பட்டம். நான் எங்கம்மாவ எடுத்தேன். அம்மா செனாய்ல ஒரு பேக்டரியில நாள் முழுக்க லென்ஸ் வழியா சின்னச் சின்ன சாமானப் பாத்து, பழுது இருந்தா ஒதுக்கி வைக்கிறவங்க. உள்ள கேமராவ விடமாட்டாங்க. அதனால வேலை முடிஞ்சு வந்து, சீருடையக்கூட மாத்தாம, எரியிற கண்ண மூடிக்கிட்டே அவங்க வெங்காயம் நறுக்குறத எடுத்தேன்.

பாதிப் படத்தப் பாத்துட்டு, மார்க் போடுற அந்த விரிவுரையாளர் கேட்டாரு: "இதுல பண்பாடு எங்க? கோலம், குத்துவிளக்கு, பட்டுப்புடவை எதுவுமே காணோமே?"

"நாங்க நாலாவது மாடியில இருக்கோம் சார். அம்மா கோலம் போட்டதே இல்ல."

"அப்ப போடச் சொல்லு."

அலமாக்! என்னவோ எங்கம்மா இவரு வீட்டு வேலைக்காரி மாதிரி.

ஆயுத பூஜைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல வேலைக்கு ஓட்டிட்டுப் போற மோட்டாருக்கு மாலை போட்டாங்க, பேக்டரி அடையாள அட்டைய சாமி முன்னால வச்சாங்க. அப்புறம் நான் பல்கலைக்கழகத்துல இரவல் வாங்கிட்டு வந்த கேமராவையும் பக்கத்துல வச்சு, சந்தனம் குங்குமம் இட்டாங்க. "உன் பொழப்பு இதுலதானே. படம் முடியிற வரைக்கும் அழிச்சிடாத." எனக்கு அதப் படம் எடுக்கவே தோணல. கும்பிட்டேன்.

மறுவாரம் கேமராவத் திருப்பிக் கொடுத்தா, கவுண்டர்ல இருந்த சாமான் அறைக்காரரு அதத் தள்ளி விட்டாரு. "என்ன அழுக்கு இது? தொடச்சுக் கொடு, இல்லன்னா அடுத்த தடவை கெடையாது." துப்பட்டாவால தொடச்சேன்.

அந்த நேரம் பாத்து விரிவுரையாளர் வந்தாரு. துப்பட்டாவுல குங்குமத்தப் பாத்ததும் மொகம் மலர்ந்துச்சு. "பூஜை பண்ணீங்களா? இதத்தான் நான் கேட்டேன்! அம்மாவப் பட்டுக் கட்டி மறுபடியும் பொட்டு வைக்கச் சொல்லு, எடுத்துட்டு வா. பாஸ் போட்டுடறேன்."

கவுண்டர்ல அழுக்கு, படத்துல பண்பாடா? நல்லா இருக்கு லா உங்க நியாயம்! வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டேன். ஆனா எடுக்கல. வெங்காயம் நறுக்குற அம்மாவையே அப்படியே கொடுத்தேன். தேறல.

போன்ல சொன்னதும் அம்மா திட்டல. "பொட்ட அழிச்சிட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அழிச்சேன். என் கையாலதான் அழிச்சேன்.