ஒரே வீட்டுக்கு இரண்டு மருமகள்கள்

ஐம்பதுகளின் கடைசியில் நானும் அவளும் ஆலங்குடியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம்; வீட்டுக்காரர் குடும்பம் அடுத்த வீட்டில். வீட்டுக்காரரின் மனைவிக்குக் காவல் காப்பதில் தனி ஈடுபாடு. பால்காரர் வாசற்படி தாண்டக் கூடாது. என் சொந்தத் தம்பியே வந்தாலும் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். ஆம்பளை வாடையே இல்லாத வீடு என்று தெருவெல்லாம் பெருமை பேசுவார். கதவுக்கு உள்ளே நாங்கள் புருஷன் பெண்டாட்டியைப் போல வாழ்ந்தோம். பெண்ணுக்குப் பெண் மேல் ஆசை வரும் என்பதற்கு ஊரில் சொல்லே இல்லை. சொல் இல்லாததால் வம்பும் இல்லை.

எனக்கு மட்டும் அடிக்கடி தலைவலி வந்தது. அம்மா ஊரில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்ததுதான் காரணம். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "கல்யாணம் முடிஞ்சா சரியாப் போயிரும்" என்றார். நோயையே மருந்தாக எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு லீவு இல்லாததால் பொன்னமராவதி மாப்பிள்ளை வீட்டார் ஆலங்குடிக்கே பெண் பார்க்க வந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். காபி கொடுத்தது அவள்தான். தலை நிமிராமல் நீட்டியதில் பாதி காபி தட்டில் கொட்டியது. மாப்பிள்ளையின் தாயாருக்கு அந்த அடக்கம் பிடித்துவிட்டது. அவளும் எங்கள் சாதிதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"ஒங்க பொண்ணு பெரியவனுக்கு. இந்தப் பிள்ளை என் சின்ன மகனுக்கு. ரெண்டு பேரும் பிரியாம ஒரே வீட்டுல இருக்கலாம்ல."

அவர்கள் போனதும் அடுப்படியில் அவள் கேட்டாள்: "ஒரே வீடுன்னாங்களே. யோசிக்கலாமா?"

விளையாட்டு என்று நினைத்துத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள்.

"பகல்ல சேந்து மாவாட்டலாம். பொழுது போனா நீ ஒரு ரூம்பு, நான் ஒரு ரூம்பு" என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவளே அம்மாவிடம் போனாள். "எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் வேணாங்கம்மா. நாங்க சேந்து இப்படியே இருந்துக்கிறோம்."

இதைவிட வெளிப்படையாக யாராலும் சொல்ல முடியாது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் வீட்டுக்காரரின் மனைவி முந்திக்கொண்டார். "படிச்ச பிள்ளைகளுக்குச் சாமியார் மனசு. வற்புறுத்தாதீங்க."

அம்மா இதை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இவ காரம் தாங்க மாட்டா. கொழம்புல மொளகாயக் கொறச்சுப் போடு" என்றார்.

சன்னியாசினிகள் இருவரும் அந்தக் கோடையில் நார்த்தாமலைக்குப் போனோம். பாறை நிழலில் வறுத்த கடலை தின்றுகொண்டு, வெகுநேரம் கைகோத்து உட்கார்ந்திருந்தோம்.