ஷூ தூசியில் பார்த்த ஊர்

மடுகரையில் மரியதாஸ் என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘அரண்மனை’ என்று கேட்டால் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ராஜா மாளிகை போல ஜோடித்த ஒரு சுற்றுலா ரயிலில், ராஜஸ்தான் முழுக்கப் பதினெட்டு வருஷம் கேபின் அட்டெண்டராக ஓடியவர் அவர். கோடையில் அந்த வண்டி ஓடாது. ஏப்ரலில் ஊருக்கு வந்தால் ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவார். அந்த மாதங்களில் டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கும்.

“இன்னா அரண்மனை, ஜெய்சல்மேர் கோட்டையில எத்தினி ஜன்னல்?” என்று கடைக்காரர் பாக்யராஜ் வம்புக்கு இழுப்பார்.

“எண்ணறதுக்கா போனேன்? சாயங்கால வெயில் பட்டா, கோட்டை மேல மஞ்சத்தூளு கரைச்சி ஊத்துன மாதிரி இருக்கும்பா.”

கோட்டை அப்படித்தான் இருக்கும். அவர் அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பயணிகள் இறங்கி பஸ் ஏறிப் போன மறு நிமிஷம் அட்டெண்டர்களுக்கு வேலை ஆரம்பித்துவிடும். திரைகளை இழுத்து மூடிவிட்டுப் படுக்கை மாற்ற வேண்டும், குளியலறை தேய்க்க வேண்டும். பயணிகள் திரும்பி வரும்போது பன்னீர் தெளித்த ஈரத்துண்டோடு வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் சாப்பிடப் போனதும் ஷூக்களைத் துடைக்க வேண்டும். துணியில் ஒட்டுவதை வைத்தே மரியதாஸ் ஊரைச் சொல்லிவிடுவார். மாவு போல மஞ்சளாக உதிர்ந்தால் ஜெய்சல்மேர். புல் விதை குத்திக்கொண்டிருந்தால் புலிக்காடு. துடைக்கவே வேண்டாம் என்பது போல இருந்தால் உதய்பூர். அங்கே படகில் போவார்கள். மீதியை, கேபினில் விட்டுப் போகும் படப் புத்தகங்கள் சொல்லிவிடும்.

ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு அவரும் போய்ப் பார்த்திருக்கலாம்தான். முதல் வருஷம் கேட்கக் கூச்சம். பிறகு, ஏற்கெனவே ஊரில் பார்த்ததாகச் சொல்லியாகிவிட்டது. பார்த்ததை எதற்கு மறுபடி போய்ப் பார்ப்பது என்று அவரே நம்பிவிட்டது போல இருந்துவிட்டார்.

அவர் மனைவி ஆரோக்கியம் மட்டும் மற்றவர்களைப் போல ஆவென்று கேட்க மாட்டாள். நடவுக்குப் போய்விட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பாள். “அந்தக் கோட்டை மேல ஏறி நின்னா, கீழ இன்னாய்யா தெரியும்?”

அந்தப் புத்தகங்களில் இருந்த படங்கள் எல்லாமே கீழே நின்று எடுத்தவை. மேலிருந்து எடுத்த ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

“மணல்டி. கண்ணுக்கு எட்ற வரைக்கும் மணலு.”

2015 மார்ச்சில், சீசனின் கடைசி ஓட்டத்தில் கேபின்கள் பாதி காலியாக இருந்தன. பழைய ஆட்கள் மனைவியைக் கூட்டிவரலாம், அந்த ஆட்களுக்கும் மூன்று நாள் வேலை கிடையாது, கூடவே சுற்றிப் பார்க்கலாம் என்றார் மேனேஜர். மரியதாஸ் சந்தோஷத்தில் முன்பின் யோசிக்காமல் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். ஆரோக்கியம் மயில்கழுத்து நிறத்தில் ஜாக்கெட் தைத்தாள். தெரு முழுக்கச் சொன்னாள்.

போன் போட்ட மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. கோட்டை வாசலில் அவள் நின்று, ‘எந்தப் பக்கம்யா ஏறணும்?’ என்றால்?

“கேன்சல் ஆயிடிச்சிடி” என்று போனில் சொல்லிவிட்டார். அந்த முறையும், அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஏழாம் நம்பர் கேபினுக்குப் புது விரிப்பு போட்டார். அதில் யாரும் படுக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

கொரோனாவில் வண்டி நின்றது. ஊரோடு வந்து, திருபுவனையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். அதற்குள் ஆரோக்கியத்துக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்.

போன டிசம்பரில் மகள் சுவேதா, தன் சம்பளத்தில் இரண்டு பேருக்கும் சாதாரண ரயிலில் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். “எனக்கு லீவு இல்லப்பா. நீயே அம்மாவுக்குச் சுத்திக் காட்டு. உனக்குத் தெரியாத சந்தா?”

ஜெய்சல்மேர் ஸ்டேஷனின் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதுகூட மரியதாஸுக்குத் தெரியும். வாசலைத் தாண்டியதும் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனார்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சந்துகளில் தப்பாக ஏறி இறங்கினார். கடைக்காரர்களிடம் இந்தியில் விசாரித்தார். ஆரோக்கியத்துக்கு இந்தி தெரியாது. வழி கேட்கிற குரல் எந்தப் பாஷையிலும் தெரியும்.

“எத்தினி பேராண்டதான் வழி கேப்ப?”

“பாதைய மாத்திட்டானுங்கடி.”

கடைசியில் ஒரு பீரங்கி கிடந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். காற்று அடித்தது. அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினாள். “மணலாய்யா?”

மரியதாஸ் எட்டிப் பார்த்தார். மணல் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத்தான் இருந்தது. கீழே முழுக்க வீடுகள்.

“வூடுங்கடி” என்றார். “எல்லாம் மஞ்ச வூடு. மாடியில தண்ணி டேங்க்கு, கறுப்புல. துணி காயுது. தூரத்துல காத்தாடி சுத்துது, கரண்டு எடுக்கறது.” நிறுத்தினார். “எனக்கும் இப்பதான் தெரியும். நான் ஏறுனதில்ல, ஆரோக்கியம். ஒரு தடவகூட.”

அவள் திரும்பவில்லை. “அன்னிக்கு கேன்சலுன்னியே?” என்றாள்.

“ஆவல.”

“அப்ப எனக்குக் கண்ணு நல்லாதானய்யா இருந்திச்சி.” சுவரிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “பாத்ததில்லடின்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமே புதுசா பாத்திருப்போம்.”

பக்கத்தில் யாரோ செல்பி எடுப்பதற்காக அவர்களை நகரச் சொன்னார்கள். இரண்டு பேரும் நகர்ந்து நின்றார்கள்.

“துணி காயுதுன்னியே, இன்னா கலரு?” என்றாள் ஆரோக்கியம்.

“சேப்பு ஒண்ணு. வெள்ள வேட்டி மூணு. பசங்க பள்ளிக்கூட சட்ட.” அடுத்த மாடியில் ஒரு புடவை படபடத்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இதையும் மறைத்தால் எப்படி என்று தோன்றியது. “மயில்கழுத்துக் கலர்ல ஒரு பொடவ.”

“ம்” என்றாள். “அந்த ஜாக்கெட்டு இன்னும் பொட்டியிலதான் கெடக்குது. இனிமே கை நுழையாது.”

அன்று லாட்ஜில் அவள் செருப்பைத் தட்டும்போது மாவு போல மஞ்சளாக உதிர்ந்தது. அவர் அதைத் துடைக்காமல் அப்படியே வைத்துவிட்டு, அவளுக்கு மாத்திரை எடுத்துத் தரப் போனார்.